ஆன்லைன் அருங்காட்சியகம்: எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம், எப்படிக் காட்டலாம்?

சாக்பீஸ்_வாத்தியார்:

வணக்கம் நண்பர்களே. ராமநாதபுரம் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பீரியட், அதிலும் ஒன்றைக் கணக்கு சார் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். எட்டாம் வகுப்பில் 31 பேர். அதில் கான்வாஸில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஓர் ஓவியத்தை நேரில் பார்த்த பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. காலண்டர், கோயில் சுவர், ஃப்ளெக்ஸ் பேனர், அவ்வளவுதான் அவர்கள் பார்த்த படம்.

போன வெள்ளிக்கிழமை ஸ்மார்ட் போர்டு காலியாக இருந்தது. சரி, இன்றைக்கு ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று பில்டப் கொடுத்து ஒரு விர்ச்சுவல் டூரைப் போட்டேன். அம்புக்குறியைத் தட்டினால் ஒரு கூடம், இன்னொரு தட்டு தட்டினால் அடுத்த கூடம். முதல் இரண்டு நிமிடம் ஆவென்று பார்த்தார்கள். அப்புறம் நெட் திணற ஆரம்பித்தது, சுவரில் இருக்கிற படமெல்லாம் கலங்கின குட்டை மாதிரி ஆகிவிட்டது, நான் அம்புக்குறியைத் தட்டத் தட்டத் திரும்பத் திரும்ப ஒரே மூலைக்கே வந்து நிற்கிறோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், தரை நல்லா இருக்கு சார்" என்றான். கிண்டல்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் உண்மையும் அதுதான், பத்து நிமிடமாக நாங்கள் பார்த்தது பளபளவென்ற மரத்தரையும் ஓரமாக இருந்த தீயணைப்பு சிலிண்டரும்தான்.

பெரிய அருங்காட்சியகங்கள் எல்லாம் கண்காட்சியையும் வகுப்புகளையும் இலவசமாக இணையத்தில் தருகின்றன என்று எல்லோரும் சொல்கிறார்கள். தருவது உண்மைதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு 40 நிமிடத்தில் பிள்ளைகளிடம் என்ன செய்வது? எங்கே தொடங்கலாம்? இன்னொன்று, படத்தை இறக்கி அச்சடித்து வகுப்பில் மாட்டினால் காப்பிரைட் பிரச்சனை வருமா? பள்ளியில் காசு கிடையாது, என் கையிலிருந்துதான் போட வேண்டும்.


சைக்கிள்_தமிழன்:

சார், முதலில் அந்த விர்ச்சுவல் டூரைத் தூக்கிப் போடுங்கள். நேரில் போகிறவன் கால் கடுக்க நடப்பதற்கு அடுத்தடுத்து படம் இருக்கிறது என்பதுதான் காரணம், திரையில் அந்த நடையை மட்டும் காட்டி என்ன பிரயோஜனம்? ஒரே ஒரு ஓவியம், ஒரு பீரியட் முழுக்க. அது போதும்.

நான் நெதர்லாந்தில் இருக்கிறேன். ஆம்ஸ்டர்டாம் ரயிலில் அரை மணி நேரம்தான், அதனால் அங்குள்ள பெரிய அருங்காட்சியகமான ரைக்ஸ்மியூசியத்துக்கு அடிக்கடி போவேன். அங்கே ரெம்பிராண்ட் 1642-இல் தீட்டிய 'நைட் வாட்ச்' இருக்கிறது. சுமார் 12 அடி உயரம், 14 அடிக்கு மேல் அகலம். ஆம்ஸ்டர்டாம் நகரக் காவல் படையில் ஒரு பிரிவு தங்களைப் படமாக வரையச் சொல்லி ஆளுக்குக் காசு போட்டது, நம் ஊரில் குரூப் போட்டோவுக்குப் போடுகிற மாதிரி. ஆனால் வரிசையாக நிற்க வைக்காமல், கிளம்புகிற அவசரத்தில் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பதுபோல் தீட்டிவிட்டார். நேரில் போனால் அதன் முன்னால் எப்போதும் திருவிழாக் கூட்டம். முன் வரிசைக்கு முட்டி மோதி வந்தாலும் தடுப்புக்கு இந்தப் பக்கம்தான்.

அதே படத்தை 2019 ஜூலையிலிருந்து, கண்காட்சிக் கூடத்திலேயே கண்ணாடி அறை கட்டி, எல்லோரும் பார்க்கும்படியே ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்த வேலையில் 2022 ஜனவரியில் ஒரு போட்டோவை இணையத்தில் வெளியிட்டார்கள். 717 ஜிகாபிக்சல், அதாவது 71,700 கோடி புள்ளிகள். மொத்தம் 8,439 போட்டோக்களை எடுத்து ஒன்றாகத் தைத்தது, ஒரு பிக்சலுக்கும் அடுத்த பிக்சலுக்கும் நடுவே 5 மைக்ரான். நம் ரத்தத்தின் சிவப்பணு ஒன்றைவிடச் சின்ன அளவு அது.

இதை வைத்து நீங்கள் செய்யக்கூடியது: முழுப் படத்தையும் காட்டாமல் ஒரு மூலையிலிருந்து தொடங்குங்கள். நடுவில் மஞ்சள் உடையில் ஒரு சிறுமி வருவாள், அவள் இடுப்பில் ஒரு கோழி தலைகீழாகத் தொங்கும். கோழியின் கால் நகங்களை மட்டும் திரை முழுக்கக் காட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக விலகி வாருங்கள். அந்த நகம்தான் அந்தப் படையின் சின்னம், அதனால்தான் அந்தச் சிறுமியின் மேல் அவ்வளவு வெளிச்சம். அப்புறம் கறுப்பு உடை கேப்டனின் கை நிழல், பக்கத்தில் நிற்கிற மஞ்சள் உடைக்காரரின் அங்கியில் விழுந்திருக்கும். நிழலின் விரல்களுக்கு நடுவே ஒரு குட்டிச் சிங்கம், பூத்தையல் போட்டது, ஆம்ஸ்டர்டாம் நகரச் சின்னத்தோடு. நான் நாலு முறை நேரில் போய் நின்றும் அந்தச் சிங்கத்தைப் பார்க்கவில்லை, வீட்டில் லுங்கியோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.

பின்னால் இருவர் தலைக்கு நடுவே தொப்பியும் ஒற்றைக் கண்ணும் மட்டும் எட்டிப் பார்க்கும். அது ரெம்பிராண்டே என்று சொல்வார்கள். பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடம் ஓடிவிடும்.

நெட் பற்றி: அந்தப் பெரிய படம் மொத்தமாக இறங்காது, கூகுள் மேப் மாதிரி நீங்கள் பார்க்கிற இடத்துக்கான துண்டுகள் மட்டும்தான் வரும். இருந்தாலும் வகுப்பில் வைத்து ஜூம் செய்யாதீர்கள். முந்தின நாள் இரவு வீட்டில் ஜூம் செய்து ஏழெட்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள்.


அச்சு_மை:

காப்பிரைட் கேள்விக்கு நான் வருகிறேன், சிவகாசியில் இருபது வருடமாக டிசைன் வேலை, காலண்டர் சாமிப் படத்திலிருந்து பட்டாசுப் பெட்டி லேபிள் வரைக்கும்.

ரெம்பிராண்ட் 1669-இல் இறந்துவிட்டார், அவர் ஓவியத்துக்கு இப்போது யாரிடமும் உரிமை கேட்க வேண்டியதில்லை. ஆனால் பல அருங்காட்சியகங்கள் "ஓவியம் பொதுச்சொத்து, நாங்கள் எடுத்த போட்டோ எங்கள் சொத்து" என்று சொல்லும். ரைக்ஸ்மியூசியம் அப்படிச் சொல்லாமல் 2012 அக்டோபரில் 'ரைக்ஸ்ஸ்டூடியோ' என்று ஒன்றைத் தொடங்கி, 1,25,000 படங்களை நல்ல தரத்தில் திறந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் அப்போது கட்டடம் பழுதுபார்ப்புக்காக 2003-லிருந்து பெரும்பகுதி மூடிக் கிடந்தது, முழுசாகத் திறந்ததே 2013 ஏப்ரலில்தான். வாசல் திறப்பதற்கு முன்னால் படத்தைத் திறந்துவிட்டார்கள். இறக்கலாம், வெட்டலாம், சட்டையில் அடிக்கலாம், விற்கவும் செய்யலாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியமும் 2017 பிப்ரவரியில் 3,75,000 படங்களை இதே மாதிரி விட்டது. இருபதாம் நூற்றாண்டு ஓவியர்கள் என்றால் மட்டும் படத்தின் கீழே என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிற, டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த பால் ஊற்றுகிற பெண் படம், 'மில்க்மெய்ட்', பார்த்திருப்பீர்கள். அதற்கு இணையத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் நகல்கள் சுற்றிக்கொண்டிருந்தன, முக்கால்வாசி மஞ்சள் காமாலை பிடித்தது மாதிரி. அருங்காட்சியகக் கடையில் சரியான நிறத்தில் அஞ்சலட்டை வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, "இது அசல் மாதிரி இல்லையே" என்று ஆட்கள் சந்தேகப்பட்டார்களாம்! மஞ்சள் படத்தையே பார்த்துப் பழகிய கண். பூட்டி வைத்ததால் படம் பத்திரமாக இருக்கவில்லை, கண்டவன் கையில் கெட்டுப்போனதுதான் மிச்சம், அதற்கு நாமே நல்லதைக் கொடுத்துவிடலாம் என்கிற முடிவுக்கு அவர்கள் வர இதுவும் ஒரு காரணம்.

அதனால் சார், கூகுளில் படம் தேடி முதலில் வருவதை இறக்காதீர்கள். அருங்காட்சியகத் தளத்துக்கே போய் எடுங்கள். ஃப்ளெக்ஸில் அடிக்காதீர்கள், மினுமினுப்பில் இருட்டெல்லாம் சாம்பலாகிவிடும், ரெம்பிராண்டில் பாதிப் படமே இருட்டுதான். மேட் பேப்பரில் ஏ3 அளவு போதும். கடைக்காரரிடம் "பிரைட்னஸ் ஏத்தாதீங்க" என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஏற்றிவிடுவார்.


திண்ணை_ராஜா:

எல்லாம் சரி. ராமநாதபுரத்துப் பிள்ளைக்கு நானூறு வருடத்துக்கு முந்தின டச்சுக்காரன் தொப்பியும் கோழியும் எதற்கு? எழும்பூரில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார், உலகமே வந்து பார்க்கிறது. அதை யாராவது இப்படி 717 ஜிகாவில் எடுத்துப் போட்டிருக்கிறீர்களா? முதலில் நம் வீட்டுக் கொல்லையைப் பெருக்குவோம்.


சைக்கிள்_தமிழன்:

ராஜா அண்ணே, கோபம் நியாயம்தான். ஆனால் நீங்கள் சொன்னதால் சொல்கிறேன், இதே ரைக்ஸ்மியூசியத்திலும் ஒரு நடராஜர் இருக்கிறார். சோழர் காலத்து வெண்கலம், ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே உயரம். ஆசியப் பகுதிக்கென்று தண்ணீருக்கு நடுவே தனியாக ஒரு சின்ன மண்டபம் கட்டியிருக்கிறார்கள், அதில் நிற்கிறார். முதல் முறை பார்த்தபோது என்னையறியாமல் கை கூப்பிவிட்டேன், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி என்னைப் பார்த்து அவரும் கூப்பினார்.

அந்தச் சிலை உள்ளே பொள்ளலா, முழுக்கக் கனமா என்று தெரிந்துகொள்ள ஒரு வேலை செய்தார்கள். சாதாரண எக்ஸ்ரே அந்த வெண்கலத்தை ஊடுருவாது. அதனால் சிலையை லாரியில் ஏற்றி, கப்பல் கன்டெய்னர்களைச் சோதிக்கிற சுங்கத்துறை எக்ஸ்ரேவுக்குள் லாரியோடு அனுப்பினார்கள். முழுக்கக் கனம், சுற்றியிருக்கிற திருவாசி உட்பட. சுமார் 300 கிலோ. சுவாமிமலை ஸ்தபதி யாரையாவது கேட்டிருந்தால் "சாமி சிலையைப் பொள்ளலா வார்ப்போமா?" என்று ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார், அது வேறு விஷயம். ஆனால் அந்த 300 கிலோவைத் தோளில் சுமந்து வீதியுலா போனார்கள் என்பதை அந்த எண்ணோடு சொல்லும்போது பிள்ளைகளுக்கு உறைக்கும் பாருங்கள்.

தளத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் கீழே யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று போட்டிருக்கும். 1935-இல் இங்குள்ள ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் ஒன்று பாரிஸ் வியாபாரி சி. டி. லூவிடம் வாங்கியது, 1972 முதல் இரவலாக அருங்காட்சியகத்தில். பாரிஸுக்கு முன்னால் எந்தக் கோயில், எந்த ஊர்? அந்தக் கேள்வியையும் வகுப்பில் கேட்கலாம் சார். அழகாக இருக்கிறது என்று மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள்.

இன்னொன்று. 2021-இல் அடிமை முறை பற்றி ஒரு கண்காட்சி வைத்தார்கள், பத்துப் பேரின் வாழ்க்கைக் கதையாக. வங்கக் கடல் பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டு போனவர்கள் கதையும் அதில் உண்டு. நம் பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டியவர்களும் இதே டச்சுக்காரர்கள்தான், அங்கிருந்தும் ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள். நைட் வாட்ச் படத்தில் லேஸ் கழுத்துப்பட்டியோடு நிற்கிறவர்கள் காலத்து ஊர்ப் பணம் எங்கெங்கிருந்து வந்தது என்பதற்கு நம் கடற்கரையும் ஒரு பதில். டச்சுக்காரன் கோழி நமக்கு எதற்கு என்று அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது அண்ணே.


திண்ணை_ராஜா:

பழவேற்காடு கல்லறைக்குப் போயிருக்கிறேன், மண்டையோடு செதுக்கின கல்லெல்லாம் இருக்கிறது. சரி, விட்டேன்.


கும்பகோணம்_டீச்சர்:

நானும் டிராயிங் டீச்சர்தான் தம்பி, ஓய்வு பெற்று நாலு வருஷமாகிறது. எல்லோரும் எதைக் காட்டுவது என்றே பேசுகிறீர்கள், பிள்ளைகள் என்ன செய்யப்போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லையே.

முதலில் நீங்கள் பேசாமல் இருக்கப் பழகுங்கள். எனக்கு அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நியூயார்க்கின் மோமா அருங்காட்சியகத்தில் கல்விப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த பிலிப் யெனவைன் என்பவரும் அபிகாயில் ஹவுசன் என்ற ஆராய்ச்சியாளரும் சேர்ந்து ஒரு முறை உருவாக்கினார்கள். மூன்றே கேள்வி. இந்தப் படத்தில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்ணில் படுகிறது? அவ்வளவுதான். இரண்டாவது கேள்விதான் உயிர். "அவர் கோபமா இருக்காரு மிஸ்" என்று ஒரு பிள்ளை சொன்னால் சரி தப்பு சொல்லாமல், எதைப் பார்த்து என்று கேட்க வேண்டும். அந்தப் பிள்ளை மறுபடி படத்துக்குள் போகும், புருவத்தைப் பார்க்கும், கையைப் பார்க்கும். ஓவியர் பெயர், வருஷம் எல்லாம் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம் வரைய விடுங்கள். அந்த ரைக்ஸ்மியூசியமே 2015-இல், கேமராவை உள்ளே வையுங்கள், பென்சிலை எடுங்கள் என்று வருகிறவர்களிடம் ஓர் இயக்கமே நடத்தியது. போட்டோ எடுத்துவிட்டால் பார்த்துவிட்டோம் என்று மனசு நினைத்துக்கொள்கிறதாம். இணையப் படத்துக்கும் அதே கதிதான், ஸ்லைடை மாற்றிக்கொண்டே போனால் எதுவும் நிற்காது.

நெட்டே வேண்டாம் என்றால் இன்னொன்று இருக்கிறது. 2020 மார்ச்சில் எல்லாம் மூடிக்கிடந்தபோது, லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அருங்காட்சியகம், வீட்டில் இருக்கிற மூன்று பொருளை வைத்து ஏதாவது ஓர் ஓவியத்தை நீங்களே நடித்து போட்டோ அனுப்புங்கள் என்றது. டச்சு இன்ஸ்டாகிராம் பக்கம் ஒன்றைப் பார்த்து எடுத்த யோசனைதான். உலகம் முழுக்கப் போர்வையையும் வாளியையும் நாயையும் வைத்து அனுப்பித் தள்ளினார்கள். என் பேத்தி, வெர்மீரின் முத்துத் தோடு போட்ட பெண் மாதிரி, என் பழைய சுங்குடிப் புடவையைத் தலையில் சுற்றிக்கொண்டு, முத்துத் தோட்டுக்குப் பதில் ஒரு நாப்தலின் உருண்டையை ஒட்டிக்கொண்டு நின்றாள். நாள் முழுக்க வீடே அந்த வாசனை.

உங்களுக்காகச் சொல்கிறேன், பெங்களூருவில் இருக்கிற மேப் என்ற கலை, புகைப்பட அருங்காட்சியகம் கட்டடம் திறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2020 டிசம்பரில், இணையத்தில்தான் முதலில் திறந்தது. அவர்களுடைய மேப் அகாடமியில் இந்தியக் கலை பற்றிக் கலைக்களஞ்சியமும் இலவச வகுப்புகளும் இருக்கின்றன. ஆங்கிலத்தில்தான். பிள்ளைகளுக்கு இல்லை, நீங்கள் படித்துவிட்டுத் தமிழில் சொல்லுங்கள். ராஜா தம்பிக்கும் அது பதில். தமிழில் இப்படி ஒன்று வேண்டும் என்பதுதான் என் குறை.


சாக்பீஸ்_வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கோழி நகத்திலிருந்து தொடங்கினேன். முதல் பதில் "சார், இறால்". அடுத்தது "வேர்". கடலோரப் பிள்ளைகள், இறால்தான் வரும். டீச்சர் அம்மா சொன்ன மாதிரி நான் வாயை மூடிக்கொண்டு எதைப் பார்த்து என்று மட்டும் கேட்டேன், அதற்குள் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் "இறாலுக்கு நகம் இருக்காதுடா" என்று ஆரம்பித்துச் சண்டையே வந்துவிட்டது. எட்டு ஸ்கிரீன்ஷாட் கொண்டுபோனேன், ஐந்தோடு மணி அடித்துவிட்டது.

ஆனால் ஒரு குறை. திரையில் எல்லாமே ஒரே அளவு. கோழி நகமும் திரை அளவு, முழுப் படமும் திரை அளவு. "இது எவ்வளவு பெரிசு சார்" என்று கேட்டபோது 12 அடி, 14 அடி என்றேன், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதனால் அடுத்த வாரம் டேப்பையும் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு கொடிக்கம்பத்துப் பக்கம் சிமெண்டுத் தரைக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அசல் அளவில் கட்டம் போட்டோம். அதற்குள் நிற்கச் சொன்னால் வகுப்பு முழுக்க நெருக்கியடித்து நின்றுவிட்டது, கேப்டனுக்கு மட்டும் ஐந்து பேர் போட்டி.

அந்தப் படத்தை 1715-இல் நகர மன்றக் கட்டடத்துக்கு மாற்றினபோது, சுவரில் இரண்டு கதவுக்கு நடுவே பொருந்தவில்லை என்று நாலு பக்கமும் வெட்டிவிட்டார்கள் என்று படித்தேன். இடது பக்கம்தான் அதிகம், இரண்டடி போல. வெட்டின துண்டு இன்றுவரை கிடைக்கவில்லை. நல்லவேளையாக அதற்கு முன்பே ஒருவர் சின்ன அளவில் நகல் தீட்டி வைத்திருந்தார், அதைக் கொண்டு 2021-இல் கணினியை வைத்து விட்டுப்போன பகுதியை உருவாக்கி, அசலுக்குப் பக்கத்தில் சில மாதம் மாட்டி வைத்தார்கள். அந்த இரண்டடியைக் கட்டத்துக்கு வெளியே புள்ளிக்கோடாகப் போட்டு, இங்கே யார் நின்றிருப்பார்கள் என்று வரையச் சொன்னேன். ஒருவன் மீன் கூடைக்காரி வரைந்தான், ஒருத்தி தூங்குகிற போலீஸ். கடைசி பெஞ்ச் 'தரை நல்லா இருக்கு' ஆசாமிதான் நாயை வரைந்தான், தம்பட்டக்காரரைப் பார்த்துக் குரைக்கிற அதே நாய், கொடிக்கம்பத்தைப் பார்த்துக் குரைக்கிற மாதிரி.

கணக்கு சார் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு, இதில் பரப்பளவு கேட்கலாமே என்றார். கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன், இப்போது அந்த பீரியடை நாங்கள் பாதிப் பாதி வைத்துக்கொள்கிறோம். அச்சு அண்ணன் சொன்னபடி மேட் பேப்பரில் ஏ3 இரண்டு அடித்தேன், நைட் வாட்ச் ஒன்று, நடராஜர் ஒன்று. கடையில் பிரைட்னஸ் ஏற்றிவிட்டார்தான், சொல்லியும்.


அச்சு_மை:

ஏற்றாமல் விடமாட்டார்கள் சார். அந்தத் தரைப் படத்தை மொட்டை மாடியிலிருந்து போட்டோ எடுத்திருந்தால் போடுங்களேன்.


சாக்பீஸ்_வாத்தியார்:

எடுக்க மறந்துவிட்டேன். அன்று ராத்திரியே மழை. காலையில் போய்ப் பார்த்தால் நாய் மட்டும் பாதி இருந்தது.